ஹார்ட்விக்குக்கு ஒதுக்கி வைத்த வெற்றி

ஹார்ட்விக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் மற்ற சைக்கிள் வீரர்கள் சாவகாசமாகக் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் டயரை அமுக்குவதும் எழுந்து நடப்பதுமாக இருந்தான். சொந்த ஊர்ச் சந்தைத் திடலைச் சுற்றி ஓட்டப்போகும் இதுதான் அவனுடைய கடைசிப் பந்தயம்.

பந்தயத்தை நடத்தும் ரொட்டிக்கடை ப்ரூனோ உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“கடைசிச் சுத்துல ஹார்ட்விக்கும் லெனார்ட்டும் தனியாப் பிரிஞ்சு போறாங்க. ஹார்ட்விக் ஜெயிக்கிறான். என்னப்பா, சரிதானே?”

எல்லோரும் தலையாட்டினார்கள். பிரான்ஸைச் சுற்றும் பெரிய பந்தயம் முடிந்த கையோடு ஜெர்மனியின் சின்ன ஊர்களில் நடக்கும் பந்தயங்களில் ஜெயிப்பவனை இப்படி முன்கூட்டியே பேசி வைப்பதுதான் வழக்கம். ஜனங்கள் வருவதே பிடித்தவன் ஜெயிப்பதைப் பார்க்கத்தான்.

ஹார்ட்விக்கைப் பிடிக்காதவர் யார்? பந்தயத்தின் நடுவே அணித் தலைவர்களுக்குத் தண்ணீர்ப் புட்டி சுமந்தே காலத்தை ஓட்டியவன். ஒரு பந்தயம்கூட ஜெயித்ததில்லை. ஒருமுறை மலையில் நாளெல்லாம் தனியாக முன்னால் போய், முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் பின்னால் வந்தவர்களிடம் பிடிபட்டு, டிவியில் குழந்தை மாதிரி அழுதான். அன்றைக்கே நாடு அவனைத் தத்தெடுத்துக்கொண்டது. ரோடெல்லாம் அவன் பெயரைத்தான் எழுதினார்கள். அன்று ஜெயித்தவன் பெயர் இன்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. தோற்றதற்காகக் கிடைத்த இந்தப் பாசம் அவனை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

இந்த வருடம் பெயர் வாங்கிய இளசு லெனார்ட்டை ஓரமாக இழுத்தான்.

“எனக்கு விட்டுக்கொடுக்காதடா.”

“சும்மா இரு பெருசு. நான் ஜெயிச்சா உங்க ஊர்க்காரங்க என்னைச் சுட்டு ரொட்டிக்குள்ள வெச்சுத் தின்னுடுவாங்க.”

கடைசிச் சுற்றில் ப்ரூனோ சொன்னபடியே இருவரும் தனியாகப் பிரிந்தார்கள். தேவாலய முனை திரும்பியதும் ஹார்ட்விக் எழுந்து நின்று மிதித்தான். இடைவெளி விழுந்தது. ஒருவேளை நிஜமாகவே முந்திவிட்டேனோ என்று ஒரு நொடி ஆசைப்பட்டான்.

கூட்டத்தின் கூச்சலிலும் பின்னால் ‘கிர்ர்ர்’ என்று கேட்டது. மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் போடும் சத்தம்.

ஹார்ட்விக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனும் மிதிப்பதை நிறுத்தினான்.

“மிதி பெருசு! மானம் போகுது!”

“நீ மிதி.”

“பைத்தியமா பிடிச்சிருக்கு? பின்னாடி மொத்தப் பேரும் வர்றாங்கய்யா!”

“வரட்டும். என்னைப் பாத்துப் பாவப்பட ஊரே நிக்குது. உனக்கு என்ன வேலை அந்தக் கூட்டத்துல?”

லெனார்ட்டுக்குச் சுர்ரென்று ஏறியது. “அப்ப வாங்கிக்கோ!” என்று பாய்ந்தான். ஹார்ட்விக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பாய்ந்தான். தோளோடு தோள் உரசியது. கண் இருட்டியது. முடிவுக்கோட்டை லெனார்ட் அரைச் சக்கரம் முன்னால் தாண்டினான்.

கூட்டம் ஊளையிட்டது. யாரோ பீர் கோப்பையை லெனார்ட்மேல் விட்டெறிந்தார்கள். அவன் தடுப்புக் கம்பியில் சாய்ந்து குடல் புரள வாந்தி எடுத்தான். ஹார்ட்விக் ஓடிப் போய் அவன் நெற்றியைத் தாங்கிப் பிடித்தான். இத்தனை வருடத்தில் இவ்வளவு சந்தோஷம் அவன் கண்டதில்லை.

ப்ரூனோ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மைக்கை நீட்டினார்.

“அவனைத் திட்டாதீங்க!” ஹார்ட்விக்குக்கு மூச்சு வாங்கியது. “என்னைத் தோக்கடிக்க இவன் என்ன பாடு பட்டிருக்கான், பாத்தீங்களா?”