ஜன்னலடியில் இருந்த கோணி

பிரசாத் பின்வாசலில் இருந்த நீல டிரம்மின் மூடியைத் தூக்கிச் செம்பை உள்ளே விட்டான்.

"அதுல எடுக்காத," என்றாள் பங்கஜம். "மீனு இருக்குது."

அவன் செம்பை வெளியே எடுத்துப் பார்த்தான். வெறும் தண்ணீர்தான். உள்ளே பெஞ்சில் கிடத்தியிருந்த மாமாவின் உடலையும் அக்காளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தண்ணீரை டிரம்மிலேயே ஊற்றினான். குளிப்பாட்டுவதற்குப் பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் இரண்டு குடம் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏம்புள்ள, எழவூட்ல மீன வெச்சுக்கிட்டு," என்றாள் மருதாம்பாள், இறந்துபோன நஞ்சப்பனின் அக்காள். காலையில்தான் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தாள். "யாருகிட்டயாச்சும் குடுத்து ஏரில உடச் சொல்லு."

"இருக்கட்டுங்க நங்கையா," என்றாள் பங்கஜம்.

முன்னறையில் பாதி இடத்தை ஒரு கண்ணாடி மீன்தொட்டி அடைத்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. தலைமாட்டில் ஏற்றிய விளக்கு அதன் கண்ணாடியில் இன்னொன்றாக எரிந்தது.

தேயிலை விலை விழுந்து நஞ்சப்பன் வேலை பார்த்த ஃபேக்டரியை மூடிய வருடம், மேனேஜர் பங்களாவைக் காலி செய்தபோது யாருக்கும் வேண்டாமல் கிடந்த தொட்டி அது. ஆறு பேர் பிடித்துக் காந்தலில் இருந்த இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தொட்டி சும்மா வந்துவிட்டது, அடியில் போடுவதற்குத்தான் வழியில்லை. கடையில் சின்னச் சின்னப் பாக்கெட்டில் விற்கிற கலர் கல்லை இவ்வளவு பெரிய தொட்டிக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது. வெள்ளைச் சலவைக்கல் சில்லு மலிவு, பார்க்கவும் அழகு என்று பங்கஜம்தான் சொன்னாள். அவர் ஒரு சில்லை எடுத்து எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். நுரைத்தது. "சுண்ணாம்பு. இது தண்ணியக் கெடுத்துப்போடும்," என்றார். ஊர்ச் செம்மண்ணைப் போட்டுப் பார்த்ததில் வாளித் தண்ணீர் டீ மாதிரி ஆயிற்று.

கடைசியில், யாரோ வீடு கட்டி மிச்சம் வைத்த ஆற்று மணலைக் கேட்டு வாங்கிவந்து சலித்தார். ஃபேக்டரியில் தூள் பிரித்த பழைய சல்லடைகளை மூடும்போது எடுத்து வந்திருந்தார். மணலுக்கும் தேயிலைத் தூள் ரகங்களின் பெயர்தான் வைத்தார். பொடி மணல் டஸ்ட், இறுகிப்போய் நாறும். பெருங்கல்லில் தீனி இடுக்கில் விழுந்து அழுகும். நடுவில் நிற்பதுதான் பி.ஓ.பி., அதுதான் தொட்டிக்கு. அதை வாளி வாளியாகக் கழுவிக் கோணியில் கட்டி ஜன்னலடியில் அடுக்கினார். தொட்டி தயாராகும்வரை இருக்கட்டும் என்று மீன்களை நீல டிரம்மில் விட்டிருந்தார்.

"வேலை போன மனுசன் மணலச் சலிக்கறாருன்னு தெருவே சிரிக்குது," என்றாள் பங்கஜம் ஒருநாள்.

"சிரிக்கட்டும். தொட்டில மீன உட்டதும் அவங்கதான் பாக்க வருவாங்க."

நேற்றுக் காலை கடைசி வாளியைக் கழுவி வைத்தவர், நெஞ்சு எரிகிறது என்று உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

வெளியே யாரோ விழுந்த சத்தம் கேட்டது. பாடைக்கு மூங்கில் கொண்டுவந்தவர் முழங்காலெல்லாம் சேற்றோடு எழுந்தார். வாசலிலிருந்து ரோட்டுக்கு மண் ஏற்றம், இரண்டு நாள் மழையில் வெண்ணெயாகக் கிடந்தது.

"வெறுங்கையோட வந்தவருக்கே இந்தக் கதி," என்றான் பிரசாத். "மாமாவத் தூக்கிட்டு எப்படிக்கா ஏறுறது?"

அவனாகவே சுவரோரம் கிடந்த ஒரு மூட்டையை இழுத்துப்போய் ஏற்றத்தில் கொட்டினான். ஒதுக்கிப் போட்ட பொடி மணல் அது. சேற்றோடு சேர்ந்து கூழாகிவிட்டது. அடுத்த மூட்டையில் இருந்த பெருங்கல் காலுக்கடியில் உருண்டது.

பங்கஜம் வாசற்படியில் நின்று பார்த்தாள். உள்ளே திரும்பித் தொட்டியைப் பார்த்தாள்.

"அதெல்லாம் ஆகாது. ஜன்னலுக்கடியில இருக்கறத எடு."

"அம்மா," என்றாள் மகள் ஸ்ரீமதி. "அது அப்பா கழுவி வெச்சது."

"கால் நிக்கோணுமில்ல."

பிரசாத் தயங்கினான். பங்கஜமே போய் முதல் கோணியின் கட்டை அவிழ்த்தாள். ஈரம் காயாத மணல். வாசலிலிருந்து ரோடு வரை எல்லாக் கோணியும் தீர்ந்தது.

நாலு பேர் தூக்கினார்கள். சாமந்தியும் பொரியும் இறைத்துக்கொண்டு முன்னால் ஒருவர் போனார். மேலே திரும்புகிற இடத்தில் பின்னால் பிடித்திருந்தவரின் கால் ஒரு கணம் இழுத்தது. பங்கஜம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். கால் நின்றது. ரோட்டில் ஏறிவிட்டார்கள்.

ஊர்வலத்தின் சத்தம் தேய்ந்ததும் மருதாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொண்டையை முடிந்தாள். "தண்ணிய ஊத்தித் தள்ளுங்க. அவங்க வரங்குள்ள ஊடு வாசலெல்லாம் கழுவியாகோணும்."

ஸ்ரீமதி வாளியைத் தூக்கினாள்.

"ஊத்தாத," என்றாள் பங்கஜம். "மொதல்ல மணல அள்ளிக்கறேன்."

"அத எதுக்குப் புள்ள இப்ப?" என்றாள் மருதாம்பாள். "சாக்கடையோட போகட்டும்."

பங்கஜம் குனிந்து இரண்டு கையாலும் மணலை ஒதுக்கினாள். மருதாம்பாள் வீட்டுக்குள் திரும்பிப் பின்வாசல் டிரம்மைப் பார்த்தாள். பிறகு சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மணலை மிதிக்காமல் ஓரமாக நகர்ந்து நின்றாள்.

"ஏனுங்க பங்கஜம், சேறும் சேந்து வருதுங்க," என்றாள் முறத்தோடு வந்த பியாட்ரிஸ்.

"கழுவுனாப் போயிரும். கோணி வாயப் புடிங்க."

ஸ்ரீமதி உள்ளே போய் ஆணியில் மாட்டியிருந்த சல்லடையை எடுத்துவந்து அம்மாவிடம் நீட்டினாள். பங்கஜம் அதில் மணலை அள்ளிப்போட்டு இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, அவர் தட்டுகிற மாதிரியே பக்கவாட்டில் தட்டினாள். சாமந்தி இதழும் பொரியும் மேலே நின்றன. மணல் இறங்கியது.