டெல்லிங்கர் வீட்டுத் துக்கம்

எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கு இருபது வருடம் செயலாளராக இருந்தேன். ஆற்றைப் பார்த்த மேட்டில் நிற்கும் டெல்லிங்கர் வீடுதான் சங்கத்தின் ஒரே பெருமை. 1884இல் ஒரு மர வியாபாரி கட்டியது. கோபுரம் உண்டு, வளைந்த முன்தாழ்வாரம் உண்டு, மழைக்கு ஒழுகாத அறைகள் நான்கு உண்டு. ஜூனில் அதன் புல்வெளியில் ஐஸ்கிரீம் விருந்து வைப்போம். டிசம்பரில் விளக்கு விழா, பிப்ரவரியில் காதலர் தினத் தேநீர் விருந்து. ஆனால் ஒஹாயோவின் அந்தப் பக்கமெல்லாம் எங்களைத் தெரிந்திருந்தது அக்டோபரில் நடத்தும் துக்க வீட்டுக்காகத்தான்.

டெல்லிங்கரின் ஒன்பது வயது மகள் அடலெய்ட் 1887இல் டிப்தீரியா என்ற தொண்டை நோயில் இறந்துபோனாள். அந்த நாளை அப்படியே அமைப்போம். நிலைக்கண்ணாடிகளைக் கருப்புத் துணியால் மூடுவோம், கடிகாரத்தை நிறுத்துவோம், வரவேற்பறை நடுவில் ஒரு சின்ன வெள்ளைச் சவப்பெட்டியை வைப்போம். பெட்டி காலிதான். பார்வையாளர்கள் இருபது பேராக உள்ளே வருவார்கள். கருப்பு உடையில் தாய் எழுந்து நின்று, மகள் காய்ச்சலில் கிடந்த ஆறு நாட்களைப் பற்றிச் சொல்வாள். அந்த வசனம் நான் எழுதியது. பதினோரு வருடம் அந்தத் தாயாக நின்றவள் லொரீன் ஸ்டாஃபர்.

லொரீன் தபால் அலுவலகக் கவுன்டரில் வேலை பார்த்தாள். அவள் சிரித்தால் தெருவுக்குக் கேட்கும். ஒரு கூட்டம் போய் அடுத்த கூட்டம் வருவதற்குள் முகத்திரையைத் தூக்கிவிட்டுக்கொண்டு பின்படிக்கட்டில் உட்கார்ந்து டோனட் தின்பாள். கருப்புத் துணியெல்லாம் சர்க்கரை கொட்டியிருக்கும். அவள் கணவர் வெண்டல் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார், அதிகம் பேசமாட்டார். ஒரே மகள் கெல்சி. இரண்டு மணிநேரத் தூரத்தில் நகரத்தில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்த கெல்சி, படிப்பை விட்டுவிட்டேன், ஒருவனோடு குடியிருக்கிறேன் என்று சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். "இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்று லொரீன் சொல்லிவிட்டாள். மகள் அன்றே கிளம்பிப் போனாள். அதன்பிறகு தாயும் மகளும் பேசவில்லை. கெல்சி வெள்ளிக்கிழமைகளில் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்து அப்பாவோடு மட்டும் பேசுவாள்.

அடுத்த பிப்ரவரியில் தேநீர் விருந்தில் பரிமாற வேண்டிய இரண்டு பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை நான் கெல்சிக்குப் போன் செய்தேன். பத்து வயதிலிருந்து அந்த வீட்டு விருந்துகளில் பரிமாறிப் பழகியவள் அவள்.

"சனிக்கிழமை வந்து கொஞ்சம் கை குடுக்கிறியாம்மா? ஆளே இல்ல."

"அம்மா இருப்பாங்களா, யூனிஸ் ஆன்ட்டி?"

"இல்லம்மா, அன்னைக்கு அவளுக்கு டியூட்டி" என்றேன். அது பொய். லொரீன்தான் கோப்பைகளுக்குப் பொறுப்பு.

"அப்போ வர்றேன். அவங்க இருந்தா நான் வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

நேருக்கு நேர் பார்த்துவிட்டால் இரண்டு பேரும் அழுதுவிடுவார்கள், கோபம் போய்விடும் என்று நினைத்தேன். என்னைப் பற்றி எனக்கே அன்றைக்குக் கொஞ்சம் கர்வமாக இருந்தது.

சனிக்கிழமை காலை பெய்த மழை சாலையில் விழுந்ததுமே உறைந்தது. ஊருக்குப் பதினோரு மைல் முன்னால், பாலத்து வளைவில் கெல்சியின் கார் வழுக்கி மரத்தில் மோதியது. ஷெரிஃப் அலுவலகப் போலீஸ்காரர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோது கதவைத் திறந்தது நான். உள்ளே லொரீன் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சாலையில் அவள் ஏன் வந்தாள் என்று எல்லோரும் கேட்டார்கள். லொரீனே அதற்குப் பதில் கண்டுபிடித்துக்கொண்டாள். அடக்கத்தன்று பெட்டியின் பக்கத்தில் நின்று, வந்தவர்களிடமெல்லாம், "என்கிட்டதான் வந்துட்டிருந்தா. சமாதானம் பண்ணிக்க வந்துட்டிருந்தா" என்று சொன்னாள். என்னிடமும் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

செப்டம்பரில் சங்கக் கூட்டம் நடந்தது. துக்க வீட்டில் பாதிரியாராக நிற்பவர் எங்கள் தலைவர் மெர்ல் ஓபர்ஹோல்ட், ஓய்வுபெற்ற பல் டாக்டர். "லொரீனை எப்படிக் கூப்பிடறது? பாவம். நம்ம சங்கத்து பேட்ரிஸ் தாயா நிக்கட்டும். அவகிட்ட யாரும் பேச்செடுக்க வேண்டாம்" என்றார். யாரும் பேச்செடுக்கவில்லை. பேட்ரிஸ் பெயர் போட்ட நோட்டீஸை மட்டும் தபால் அலுவலகப் பலகையில் யாரோ குத்திவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மதியம் நான் அந்தக் கருப்பு உடையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது லொரீன் நேராக உள்ளே வந்தாள்.

"என் டிரெஸ்ஸை எதுக்குச் சின்னது பண்றீங்க?"

"பேட்ரிஸ் ஒல்லிடி..."

"அவளுக்கு அழத் தெரியாது யூனிஸ். தும்மற மாதிரி அழுவா." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "எனக்கு மூணு நாள் லீவு குடுத்தாங்க, தெரியுமா? மூணே நாள். நாலாம் நாள் ஸ்டாம்ப் வித்துக்கிட்டு நிக்கிறேன். கடையில என்னைப் பார்த்தா தள்ளுவண்டியைத் திருப்பிக்கிட்டு அடுத்த வரிசைக்குப் போறாங்க. ஏழு மாசம் ஆச்சே, இன்னுமான்னு என் நாத்தனார் கேக்கறா. அந்தக் காலத்துல இந்த வீட்டு அம்மாவுக்கு ஒரு வருஷம் கருப்பு உடுத்த விட்டாங்க. பாக்கறவங்களுக்குத் தெரியும், யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. எனக்கு ஒரு நாள் குடுங்க. ஒரே ஒரு நாள்."

பிரித்த தையலை அன்று மாலையே மறுபடி போட்டேன்.

அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை நான்கு கூட்டம் வந்தது. முதல் இரண்டுக்கும் லொரீன் எழுதியதை எழுதியபடி சொன்னாள். குரல் நடுங்கவில்லை. நான் கதவோரம் நின்று, பயந்தது வீண் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது கூட்டத்தில், "ஆறு நாள்" என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். வெள்ளைப் பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"என் வீட்டு வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னேன். பெத்தவ வாயால சொன்னேன். அவ அதையெல்லாம் மனசுல வெச்சுக்கல. உறைபனியில கிளம்பி என்கிட்ட வந்துட்டிருந்தா. இன்னும் பதினோரு மைல்தான். நான் இங்கேயேதான் இருந்தேன். இந்த வீட்டுலயேதான் இருந்தேன்."

பாதிரியாராக நின்ற மெர்ல் ஜெபப் புத்தகத்தை மூடினார். பின்வரிசையில் ஒரு பெண் விசும்பினாள். பிறகு யாரோ கைதட்ட, இருபது பேரும் தட்டினார்கள். லொரீன் பதினோரு வருடப் பழக்கத்தில் தலையைத் தாழ்த்தி வணங்கினாள்.

வெளியூர் அம்மாள் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே கதவருகே வந்தாள். "என்னமா நடிக்கிறாங்க! நிஜமாவே பறிகொடுத்த மாதிரி! யாரு எழுதினது இதை?" பக்கத்திலிருந்தவர் என்னைக் காட்டினார். அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

நான்காவது கூட்டத்தை வேண்டாம் என்று சொல்லத்தான் சமையலறைக்குப் போனேன். லொரீன் முகத்திரையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கெல்சி போனை போலீஸ்காரங்க ஏப்ரல்லயே குடுத்துட்டாங்க. போன வாரம்தான் எனக்குத் திறந்து பாக்க மனசு வந்துச்சு. அவ போறதுக்கு முந்தின வியாழக்கிழமை உங்க நம்பர் இருக்கு. நாலு நிமிஷம் பேசியிருக்கீங்க." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்ன பேசினீங்க யூனிஸ்?"

"தேநீருக்கு வர முடியுமான்னு கேட்டேன்."

"நீங்க கூப்பிட்டீங்களா? நீங்க கூப்பிட்டுத்தான் வந்தாளா?" அவள் குரல் அப்படியே இறங்கிப்போனது. "அப்போ என்கிட்ட வரலயா?"

எட்டு மாதமாக அவளைத் தாங்கியிருந்தது அந்த ஒன்றுதான். அது அவள் கையை விட்டுப் போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

"முதல்ல அவ கேட்டதே உன்னைத்தான் லொரீன். 'அம்மா இருப்பாங்களா'ன்னு கேட்டா."

அது உண்மை. அந்த வார்த்தைகள் அவளுடையவைதான்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இருப்பான்னு சொன்னேன். 'அப்போ வர்றேன்'னா."

லொரீன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்ததும், "அவ சொன்ன மாதிரியே ஒருதடவை சொல்லுங்க" என்றாள். சொன்னேன். இன்னொரு தடவை கேட்டாள், சொன்னேன். பிறகு முகத்திரையைப் போட்டுக்கொண்டு நான்காவது கூட்டத்துக்குப் போய், ஆறு நாள் காய்ச்சலை எழுதியபடியே சொல்லி முடித்தாள்.

அதற்குப் பிறகு ஸ்டாம்ப் வாங்கப் போகும்போதெல்லாம் கேட்பாள். வரிசையில் ஆள் இருந்தாலும் குனிந்து மெதுவாகக் கேட்பாள். "அம்மா இருப்பாங்களான்னு கேட்டப்போ குரல் எப்படி இருந்துச்சு? கோபமா இல்லயே?" இல்லை, ஆசையாகக் கேட்டாள் என்பேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பாள், நானும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வேன். ஜனவரியில் செயலாளர் பொறுப்பை விட்டேன். கண் சரியில்லை என்று மெர்லிடம் காரணம் சொன்னேன்.

ஜூன் விருந்துக்குப் போயிருக்கக் கூடாது. லொரீன் ஆள்விட்டுக் கூப்பிட்டாள், போனேன். கென்டக்கியிலிருந்து வந்திருந்த தன் அக்காவை என் முன்னால் நிறுத்தி, "இவங்ககிட்டதான் கேட்டா, 'அம்மா இருப்பாங்களா'ன்னு" என்றாள். அந்த அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "ஆண்டவர் உங்களை நல்லா வெச்சிருக்கணும்" என்று அழுதாள்.

கூட்டம் கலைந்தபிறகு வெண்டல் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார். நான் இரண்டை மடக்கிக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"அந்த வெள்ளிக்கிழமை கெல்சி எனக்குப் போன் பண்ணினா. 'சனிக்கிழமை டெல்லிங்கர் வீட்டுக்கு வர்றேன்ப்பா, அம்மாவுக்கு டியூட்டியாமே'ன்னா."

என் கையில் இருந்த நாற்காலியை நான் கீழே வைத்தேன்.

"நீங்க எதுக்கு அப்படிச் சொல்லியிருப்பீங்கன்னு எனக்குப் புரிஞ்சுது. வரட்டும், ரெண்டு பேரும் நேர்ல பாத்துக்கட்டும்னு நினைச்சேன். டியூட்டி இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ கிளம்பியிருக்கவே மாட்டா." இன்னொரு நாற்காலியை மடக்கினார். "நானும் 'ஆமாம்மா'ன்னு சொல்லிட்டேன்."

"வெண்டல்..."

"லொரீன் இப்போ ராத்திரியில தூங்கறா. நீங்க சொல்றதையே சொல்லிட்டிருங்க."

நாற்காலிகளை அணைத்துத் தூக்கிக்கொண்டு அவர் கொட்டகைப் பக்கம் நடந்தார். ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தார். கூடப் போய் இரண்டை வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. என்னால் போக முடியவில்லை.