விரிப்பை விட்டு இறங்கு

லிந்துலையிலிருந்து தேயிலை மலைக்குள் இரண்டு வளைவு ஏறினால் ஒரு பழைய பிள்ளைக்காம்பரா வரும். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போன கட்டடம். தோட்டத்தில் புதிதாக வேறொன்று கட்டியதும் இது பூட்டியே கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி, ஒழுகிய தகரத்துக்குத் தார் பூசி, தரை முழுக்க, பிள்ளைகள் 'மெட்' என்று சொல்லும் தடித்த ரப்பர் விரிப்புகளைக் கோத்துப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்து வந்தாள் இசபெல்.

முப்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. கிழமை நாட்களில் தலவாக்கலையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. ஞாயிறு காலைப் பூசை முடிந்த கையோடு கறுப்பு பெல்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள்.

அடி, உதையைவிட அவளுடைய சுத்தத்துக்குத்தான் தோட்டத்தில் பேர் அதிகம். செருப்பை வாசலுக்கு வெளியே விட வேண்டும். பேசினில் கால் கழுவ வேண்டும். வகுப்பு தொடங்குமுன் எல்லோரும் வரிசையாகக் கையை நீட்ட வேண்டும்; நகத்தில் ஊத்தை இருந்தால் வீட்டுக்குத்தான். முடிந்ததும் மருந்துத் தண்ணீரில் துணி நனைத்து விரிப்பைத் துடைத்துவிட்டுத்தான் போக வேண்டும். "இசபெல் மிஸ்ஸோட மெட்டுல சோத்தப் போட்டுச் சாப்புடலாம்" என்று ஆட்டோ ஓட்டும் கணேசமூர்த்தி சொல்வார். அவருடைய மகளும் அங்கே படித்தாள். அதைக் கேட்கும்போதெல்லாம் இசபெலுக்கு உள்ளுக்குள் பூரிக்கும்.

அந்த வருடம் மழை விடவேயில்லை. துவைத்த துணி எதுவும் காயவில்லை. லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளின் வெள்ளை உடுப்புகள் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டதில் புகை மணத்துடன் வந்தன. இசபெல் மூக்கைச் சுளித்தாலும் ஒன்றும் சொல்லவில்லை.

தைப்பொங்கலுக்குச் சில நாள் முன் அவளுடைய இடுப்பில் அரிப்பு தொடங்கியது. பெல்ட் கட்டும் இடத்தில் வட்டமாக, ஓரம் சிவந்து, நடுவே தோல் வெளுத்து. மருந்துக்கடையில் இந்த மாதிரி வட்டங்களை எத்தனையோ பேர் சட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் "படர்தாமரை" என்று சொல்லிக் களிம்பை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். தன் இடுப்பில் வந்தபோது மட்டும் பெல்ட் உரசிய காயம் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாளே தவிர, அலமாரியிலிருந்து எடுத்தது அதே களிம்பைத்தான். கறுப்பு பெல்ட்டைக் கழுவக்கூடாது, பட்ட பாடெல்லாம் அதில் ஊறியிருக்கிறது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் சொல்லியிருந்தார். ஆகவே அதை அவள் ஒருநாளும் கழுவியதில்லை. மாசியில் மாகாணப் போட்டி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒருவருக்கும் சொல்லாமல் களிம்பைப் பூசிக்கொண்டு வகுப்பை நடத்தினாள்.

வகுப்பில் அவளுக்குப் பிடித்த பிள்ளை சுதர்ஷினி. மேற்கணக்கு என்று சொல்லும் மேட்டு லயத்திலிருந்து வருபவள். பதினொரு வயது. ஒருமுறை காட்டினால் போதும், அப்படியே பிடித்துக்கொள்வாள். அதனால் எதைச் செய்துகாட்டுவதென்றாலும் இசபெல் அவளைத்தான் கூப்பிடுவாள். கழுத்தைப் பிடித்தால் எப்படி விடுவித்துக்கொள்வது என்று காட்ட, அவளுடைய தலையைத் தன் இடுப்போடு அணைத்துப் பிடித்து, வரிசை வரிசையாகப் பிள்ளைகள் பார்க்கும்வரை அப்படியே வைத்திருப்பாள்.

அந்த ஞாயிறு நகம் பார்த்துக்கொண்டு வந்தவள் சுதர்ஷினியின் முன்னால் நின்றாள். நகமெல்லாம் சுத்தம். ஆனால் பிள்ளை கழுத்தைச் சொறிந்தது. பின்னலைத் தூக்கிப் பார்த்தாள். காதுக்குப் பின்னாலிருந்து பிடரிவரை வட்டம் வட்டமாக.

இசபெல் தன் இடுப்போடு அணைத்துப் பிடிக்கும் அதே இடம். இது எங்கிருந்து வந்ததென்று அந்தக் கணத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததை மூடுவதற்கென்றே போல அவளுடைய குரல் உயர்ந்தது.

"என்ன இது? வீட்டுல குளிக்கிறதில்லையா? இதோட மெட்டுல ஏறலாமா?"

"குளிச்சிட்டுத்தான் மிஸ் வந்தேன்…"

"பேசாத. மெட்ட விட்டு எறங்கு."

சுதர்ஷினி இறங்கினாள். அழவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, செருப்பை மாட்டத் தெரியாதவள்போல வெகுநேரம் மாட்டினாள். பிறகு தூறலில் நடந்து போய்விட்டாள். மற்றப் பிள்ளைகள் அவள் நின்ற இடத்தை விட்டு விலகி நின்றார்கள். இசபெல் துணியை எடுத்து எல்லோரும் பார்க்க அந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் துடைத்தாள்.

அடுத்த கிழமையே வேறு சில பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. கணேசமூர்த்தியின் மகளுக்குக் கையில். எல்லோருடைய வாயிலும் சுதர்ஷினியின் பேர்தான். பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்றும், "படர்தாமர வருது" என்று பையன்கள் விலகி ஓடுகிறார்கள் என்றும் இசபெலின் காதுக்கு வந்தது.

வகுப்பு முடிந்து பெற்றோர் கூடி நின்றபோது கணேசமூர்த்தி பேச்சை எடுத்தார்.

"மிஸ், நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. மேக்கணக்குப் புள்ளைகள வேற ஒரு நாளைக்கு வச்சுக்குங்களேன். அவங்க பக்கம் தண்ணியும் செரியா வர்றதில்ல. அவங்களக் குத்தம் சொல்லல. நம்ம புள்ளைகளையும் பாக்கணுமில்ல?"

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். மேற்கணக்கிலிருந்து வந்திருந்த ஒரு தகப்பன் குடையின் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இசபெல் அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"பாப்போம்" என்றாள்.

அடுத்த ஞாயிறு பூசையில், பாவத்தை ஒப்புக்கொண்டு மார்பில் கை வைக்கும் இடத்தில் அவளுடைய கை எழும்பவில்லை. பக்கத்தில் நின்ற அம்மா திரும்பிப் பார்த்தாள். "சளி புடிச்சிருக்கு" என்று இசபெல் சம்பந்தமில்லாமல் சொல்லிவைத்தாள்.

மறுநாள் மத்தியானம் மருந்துக்கடையில் கூட்டம் குறைவு. தோட்டத்து டிஸ்பென்சரியில் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சுதர்ஷினியின் அம்மா நாகலெட்சுமி உள்ளே வந்தாள். கொழுந்து பறிக்கிற பெண். வேலைக்குப் போகாமல் வந்திருந்தாள் என்பது உடுத்தியிருந்த சேலையில் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் தலையில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு மகள். இசபெலைக் கண்டதும் பிள்ளை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"மிஸ், நீங்க இங்கயா வேல செய்றீங்க? தெரியாமப் போச்சு" என்று நாகலெட்சுமி சீட்டை நீட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மன்னிச்சுக்குங்க மிஸ். எங்களால ஒங்க எடம் அசிங்கமாயிருச்சு. நான் நல்லாத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். எங்கருந்து வந்துச்சுன்னே தெரியல. பாய், தலகாணி எல்லாத்தையும் எரிச்சிட்டேன். முடியையும் எடுத்துட்டேன்."

சொல்லிக்கொண்டே, நம்ப மாட்டார்களோ என்று நினைத்தவளாக, மகளின் தொப்பியைக் கழற்றிக் காட்டினாள். மொட்டைத் தலை. இடுப்புவரை பின்னல் தொங்கிய தலை அது. சுதர்ஷினி தொப்பியைப் பிடுங்கி மறுபடி போட்டுக்கொண்டாள்.

கடை முதலாளி பக்கத்தில் நின்றார். வேறு இரண்டு பேர் மருந்துக்குக் காத்திருந்தார்கள். இசபெல் அலமாரியைத் திறந்து, தான் தினமும் பூசிக்கொள்ளும் களிம்பில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"காலையும் ராவும் பூசுங்கக்கா. வட்டம் மறைஞ்சாலும் நிப்பாட்டிராதீங்க."

"செரிங்க மிஸ். ரொம்ப நன்றிங்க."

அவர்கள் போன பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள். என்னிடமே வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறாள், அதையும் வாங்கிக்கொண்டேனே என்று நினைத்தபோது தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க முடியவில்லை.

அடுத்த நாள் அரை நாள் லீவு கேட்டாள். மேற்கணக்கு லயத்துக்கு அவள் போனதேயில்லை. கடைசி வீடு. நாகலெட்சுமி அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி, கொழுந்து பறிக்கும்போது நனையாமல் கட்டிக்கொள்ளும் படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் வந்திருப்பதைக் கண்டு பதறிப்போய் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டாள். அடுப்பை ஊதிப் பிளேன்டீ வைத்தாள். அடுப்புக்கு மேலே கொடியில் துவைத்த துணிகள் நெருக்கமாகத் தொங்கின. படுக்கும் இடத்தில் பாய் இல்லை. உரச்சாக்கை வெட்டித் தைத்து விரித்திருந்தார்கள். அதுவும் துவைத்திருந்தது.

இசபெல் கோப்பையை வாங்கவில்லை.

"அக்கா, அது ஒங்க புள்ளைகிட்டயிருந்து வரல. எங்கிட்டயிருந்து வந்துச்சு. எனக்கு இடுப்புல பொங்கலுக்கு முன்னாலயிருந்தே இருக்கு."

நாகலெட்சுமி கோப்பையை நீட்டியபடியே நின்றாள். பிறகு அதைத் தரையில் வைத்தாள்.

"அன்னிக்கு எறங்கச் சொல்றப்ப ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிட்டால் பாதியாவது தப்பிக்கலாம். அந்த நினைப்பு வந்ததே இசபெலுக்கு அருவருப்பாக இருந்தது.

"தெரியும்" என்றாள்.

அடுப்பில் ஈர விறகு சீறியது. நாகலெட்சுமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கத்துவாள் என்று இசபெல் எதிர்பார்த்தாள். கத்தினால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

"நாலு வீட்டுல எம் மொகத்துல முழிக்க மாட்டேங்கிறாங்க" என்றாள் நாகலெட்சுமி. "முடிய வெட்டுறப்ப அவ கத்தரிக்கோலப் புடிச்சுக்கிட்டு வேணாம்மா, வேணாம்மான்னு அழுதா. ரெண்டு அடி போட்டுத்தான் வெட்டுனேன். அந்த அடிய நான் எங்க கொண்டுபோய் வைக்க?"

 உள்ளறையின் திரை அசைந்தது. சுதர்ஷினி அங்கேதான் இருந்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"சுதர்ஷினி, மிஸ் செஞ்சது பெரிய தப்பு. மன்னிச்சுக்கம்மா."

பிள்ளை திரையைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தது. "எல்லார் முன்னாலயும்தானே மிஸ் எறங்கச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டது.

"ஆமா. எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

கீழே இறங்கும்போது லயத்து வாசல்களில் நின்றவர்கள் "போய்ட்டு வாங்க மிஸ்" என்று மரியாதையாகச் சொன்னார்கள். அந்த மரியாதை அவளை நெருப்பாய்ச் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோரையும் வரச் சொல்லியிருந்தாள். யாரையும் விரிப்பில் ஏறவிடவில்லை. வாசலில் நின்று சொன்னாள். சொல்லிப் பார்த்து வைத்திருந்த நல்ல வார்த்தையெல்லாம் மறந்துவிட்டது. "நோய் எனக்குத்தான் முதல்ல வந்துச்சு. தெரிஞ்சும் மறைச்சேன். சுதர்ஷினிக்கு எங்கிட்டயிருந்துதான் தொத்துச்சு. அது தெரிஞ்சும் அவள எறங்கச் சொன்னேன்." அவ்வளவுதான் வந்தது.

 கணேசமூர்த்தி கேட்டார்.

"அப்ப எம் மகளுக்கும் ஒங்களாலதானா?"

"ஆமாங்கண்ணே."

"மேக்கணக்குப் புள்ளைகளப் பத்தி நான் அவ்வளவு பேசுறப்ப வாயத் தொறக்காம நின்னீங்களே மிஸ். என்னையும் சேத்துல்ல பாவத்துல தள்ளிட்டீங்க." அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவுக்கு நடந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். மற்றவர்களிடம், எல்லோரும் டிஸ்பென்சரிக்குப் போய்க் காட்டும்படியும், எல்லோருக்கும் குணமாகும்வரை வகுப்பு இல்லை என்றும், போட்டிக்கும் போகவில்லை என்றும் சொன்னாள். நாகலெட்சுமி மகளோடு கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு மேட்டில் ஏறிப் போய்விட்டாள்.

எல்லோரும் போனபின் இசபெல் விரிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள். போட்ட நாளிலிருந்து அவற்றை யாரும் தூக்கியதில்லை. முதல் விரிப்பைப் புரட்டியதும் நாற்றம் முகத்தில் அடித்தது. அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம். விரிப்புகள் ஒன்றோடொன்று கோத்த பற்களுக்கிடையில் தலைமுடியும் அழுக்கும் பசைபோல இறுகிக் கிடந்தன. சீமெந்துத் தரையில் ஈரம் கசிந்திருந்தது. இத்தனை நாளும் துடைத்ததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற மேற்பக்கத்தை மட்டும்தான். பிள்ளைகளின் நகத்தைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பியதை நினைத்தபோது தனியாக நின்றும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

மலைத் தண்ணீர் விழும் பீலிக்கரைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொன்றையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். பெல்ட்டையும் வெந்நீரில் போட்டாள். கறுப்புச் சாயத்தோடு பழுப்புத் தண்ணீர் வந்தது. இருட்டுகிற வரைக்கும் தேய்த்தும் பாதிதான் முடிந்தது. மிச்சத்தை அந்த வாரம் வேலை முடிந்து வந்து வந்து செய்தாள். கழுவியும் சரிப்படாதவற்றை எரித்தாள்.

பங்குனி பிறந்து வெயில் வந்த பிறகுதான் வகுப்பு மறுபடி தொடங்கியது. முன்பு வந்தவர்களில் பாதிப்பேர்கூட வரவில்லை. வந்த பிள்ளைகளிடம் நகம் பார்க்குமுன் தன் கையையும் கழுத்தையும் அவர்களுக்குக் காட்டினாள். சின்னப் பிள்ளைகள் சிரித்தன. அவள் சிரிக்கவில்லை. சுதர்ஷினி வரவில்லை. கேட்டு ஆள் அனுப்பும் உரிமை தனக்கில்லை என்று இசபெல் சும்மா இருந்தாள்.

ஒரு ஞாயிறு, வகுப்பு தொடங்கியபின், வாசலில் நிழல் விழுந்தது. நாகலெட்சுமியும் சுதர்ஷினியும். பிள்ளைக்கு விரலளவு முடி முளைத்திருந்தது. கால் கழுவிவிட்டு வந்து கடைசி வரிசையில் நின்றுகொண்டது. நாகலெட்சுமி போகவில்லை. உள்ளே வரவுமில்லை. நிலையில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, வகுப்பு முடியும்வரை இசபெலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இசபெலுக்கு எண்ணிக்கை தவறியது. சொல்லிப் பழகிய அடி, உதைகளின் பேர்கள் வாயில் குழறின.  ஆனாலும் நிறுத்தவில்லை. சுதர்ஷினியின் கால் தவறாக விழுந்த இடத்தில் தொடாமல், தள்ளி நின்றே திருத்தினாள். பிள்ளை திருத்திக்கொண்டது. இசபெலின் முகத்தைப் பார்க்கவில்லை.

முடிந்து பிள்ளைகள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது நாகலெட்சுமி அவளருகே வந்தாள்.

"வாற ஞாயித்துக்கெழமயும் வேல இருக்கு, சம்பளத்துக்குப் பேர் போடுறாங்க, நான் மலைக்குப் போகணும்" என்றாள். "அவ தனியாத்தான் வருவா."

"செரிங்கக்கா" என்றாள் இசபெல்.   தாயும் மகளும் வளைவில் திரும்பும்வரை அப்படியே நின்றாள்.