மூக்குச் சிரிப்பு

தையல்கடைக்கு மேலே இருந்த அந்த அறையில் இரண்டு மேஜைகள் ஒன்றையொன்று பார்த்தபடி கிடந்தன. அக்காவின் மேஜையில் ஒரு பென்சிலும் கிழித்துவைத்த துண்டுக் காகிதங்களும் தவிர வேறு எதுவும் இருக்காது. தங்கையின் மேஜையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. மைப்புட்டி, தூரிகை, ரப்பர் துகள், பாதி குடித்த டீ எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கும். தூரிகையை டீயில் அலசிவிட்டு, மைத்தண்ணீரைக் குடித்த நாளும் உண்டு.

அக்கா வரி எழுதுவாள், தங்கை படம் போடுவாள். பிரித்ததும் சிரிப்பு வருகிற வாழ்த்து அட்டைகள்தான் அவர்கள் தொழில். உருகி உருகி வாழ்த்துகிற அட்டைகளை ஊரில் எல்லாரும் போடுகிறார்கள், அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்பாள் அக்கா.

அவர்கள் வேலை செய்யும் முறை விசித்திரமானது. அக்கா ஒரு வரியை எழுதி, காகிதத்தை இரண்டாக மடித்து, ஸ்கேலின் நுனியால் எதிர் மேஜைக்குத் தள்ளுவாள். தள்ளிய கையோடு நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு பென்சில் சீவ ஆரம்பித்துவிடுவாள். தங்கையின் முகத்தைப் பார்க்க மாட்டாள். முகத்தைப் பார்த்தால் பாசம் குறுக்கே வந்துவிடுமாம், அதனால் காது போதுமாம். தங்கைக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தால் கடைசியில் மூக்கு வழியாக 'கொர்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே நின்றவள் அவள். கொர் வந்தால் அட்டை அச்சுக்குப் போகும். வராவிட்டால் காகிதம் பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். மேல்முறையீடு கிடையாது.

அப்படிப் பிழைத்து வந்த அட்டைகள் சக்கைப்போடு போட்டன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு யானை, கட்டிலுக்கு அடியில் டாக்டரின் இரண்டு கால்கள். உள்ளே பிரித்தால், "உட்காருங்கன்னு சொன்னது அவர்தான். சீக்கிரம் குணமாகுங்க." தாமதமாக வாழ்த்துகிறவர்களுக்கு ஒரு நத்தை இருந்தது. முதுகில் கேக்கைச் சுமந்துகொண்டு, "போன வருஷமே கிளம்பிட்டேன்" என்று சொல்லும். அந்த நத்தையை மட்டும் எத்தனை முறை அச்சடித்தார்கள் என்று அவர்களுக்கே நினைவில்லை.

பிறகு அக்கா வீட்டுக்காரர் இறந்துபோனார். காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அக்கா அழுது யாரும் பார்க்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் அவளே நாற்காலி எடுத்துப் போட்டாள். கொஞ்ச நாளில் வேலைக்கும் வந்துவிட்டாள். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டுவிட்டு, பென்சிலை எடுத்தாள்.

அன்று ஸ்கேல் நுனியில் வந்த காகிதத்தைத் தங்கை பிரித்தாள். "கேக் முழுக்க உனக்குத்தான். பங்கு கேட்க ஆள் இல்லை."

சிரிப்பு வரவில்லை. எப்படி வரும்? சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த அக்காவின் முதுகைப் பார்த்தாள். ஜாக்கெட் தோளில் தளர்ந்து தொங்கியது. பென்சில் சீவுகிற சத்தம் நின்றிருந்தது. இன்றைக்குப் போய் இந்த வரி டப்பாவுக்குள் போகவேண்டுமா என்று நினைத்தாள் தங்கை. பெருங்குரலில் சிரித்தாள். மூக்கிலும் எப்படியோ ஒரு சத்தத்தை வரவழைத்தாள். அக்கா மறுபடி பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.

ஒரு நாளோடு போயிருந்தால் சரி. பொய்ச் சிரிப்பு அப்படி விடாது. இன்று சிரித்தவள் நாளைக்குச் சிரிக்காவிட்டால் இன்றைய சிரிப்பும் சந்தியில் வந்து நிற்கும். தங்கை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொர் போட்டுப் பழகினாள். கெட்டிக்காரி, எதைத் தொட்டாலும் நன்றாகச் செய்வாள், இதையும் நன்றாகவே செய்தாள். எது அசல், எது நகல் என்று அவளுக்கே தெரியாத அளவுக்குத் தேறிவிட்டாள். மெழுகுவத்தியைத் தானே ஏற்றித் தானே ஊதுகிற பூனை, இரட்டைக் கட்டிலின் ஒரு ஓரத்தில் மட்டும் படுக்கிற கரடி எல்லாம் வரிசையாக அச்சுக்குப் போயின. கரடிக்குக் கண் வரையும்போது தங்கையின் கை கொஞ்சம் தயங்கியது. தயங்கிவிட்டு வரைந்தது.

ஒரு நாள் கடைக்காரர் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தார். ஆரம்பத்திலிருந்து அவர்கள் அட்டைகளை விற்கிறவர், நல்ல மனிதர். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. எடுக்கறாங்க, பிரிச்சுப் பார்க்கறாங்க, அப்புறம் பேசாம வச்சிட்டுப் போயிடறாங்க. நேத்து ஒரு அம்மா இது துக்கம் விசாரிக்கற கார்டான்னு கேட்டாங்க."

அக்கா நிதானமாகத்தான் பதில் சொன்னாள். தங்கை விழுந்து விழுந்து சிரித்த அட்டைகள் அவை, அவள் சிரிக்காத எதையும் நாங்கள் அச்சடிப்பதில்லை என்றாள். கடைக்காரர் தங்கையைப் பார்த்தார். தங்கை மைப்புட்டியின் மூடியைத் திருகினாள். அவர் விற்காத அட்டைகளை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அக்கா பெட்டியைத் திறந்து கரடி அட்டையை எடுத்தாள். பிரித்துப் படித்தாள். திரும்ப உள்ளே வைத்தாள். பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதி, மடித்து, ஸ்கேலால் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாவம், இன்றைக்கு நொந்துபோயிருக்கிறாள், நன்றாகச் சிரிக்கவேண்டும் என்று நினைத்தாள் தங்கை. நினைத்தபோதே சிரிப்பு கிளம்பிவிட்டது. மடிப்பைப் பிரிக்கும் முன்பே கிளம்பிய சிரிப்பு, மூக்கில் ஏறி, கச்சிதமாகக் கொர் என்று முடிந்தது.

"சிரிச்சு முடிச்சிட்டியா குட்டி? இப்ப படி."

தங்கை படித்தாள். "அவரோட சட்டையை இன்னும் துவைக்கல. வாசனை போயிடும்."

கீழே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. உன் மனசு கஷ்டப்படக்கூடாதென்றுதான் என்று ஏதோ குழறினாள் தங்கை. அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நானும் ஜோக்குன்னுதான் நினைச்சு எழுதினேன். நீ சிரிச்சதால ஜோக்குதான்னு நம்பிட்டேன்," என்றாள் அக்கா. பென்சிலை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னாள், "ஒரே ஒரு தடவை நீ சிரிக்காம இருந்திருந்தா, நான் அழுதிருப்பேன்டி."

அதற்குப் பிறகு சண்டையும் இல்லை, பேச்சுவார்த்தை முறியவும் இல்லை. அக்கா வழக்கம்போல வந்தாள், டீ வாங்கிக் கொடுத்தாள், பழைய அட்டைகளை மறுபடி அச்சடிக்க ஏற்பாடு செய்தாள். ஸ்கேல் மட்டும் மேஜையில் சும்மா கிடந்தது. தங்கை தினமும் அதைப் பார்த்துக்கொண்டே படம் போட்டாள். எத்தனையோ இரவுகள் அக்காவுடன் ஒரே பாயில் படுத்துப் பேசிச் சிரித்தவள், அக்கா தன்னிடம் அழ வந்தபோது அடையாளம் தெரியாமல் கைதட்டி அனுப்பியிருக்கிறாள். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் ஸ்கேல் அசைந்தது. மடித்த காகிதம் மேஜையைத் தாண்டி வந்தது. அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி, பென்சிலைக் கையில் எடுத்தாள். தங்கை வாயை இறுக்க மூடிக்கொண்டாள். இந்தத் தடவை வந்தால் வரட்டும், வராவிட்டால் வராது என்று உறுதியாகத்தான் இருந்தாள். பிரித்தாள்.

"பழைய நத்தை வாசலுக்கு வந்துவிட்டது. கேக்கில் செடி முளைத்திருக்கிறது. கதவைத் திறக்கிறவருக்குத் தாடி முழங்கால் வரை. நத்தை: 'வந்துட்டேன். யாருக்குப் பிறந்தநாள்?'"

சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். டீ கவிழ்ந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. கடைசியில் அந்தக் கொர்ரும் வந்தது, அவள் கூப்பிடாமலே, பள்ளிக்கூடத்தில் வந்தது போல.

பென்சில் சீவுகிற சத்தம் நின்றது. அக்கா திரும்பினாள். வழக்கத்தை மீறித் தங்கையின் முகத்தையே பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அக்கா, இது நிஜம். சத்தியமா நிஜம்."

"அன்னைக்கும் இதே சத்தம்தான் குட்டி கேட்டுது," என்றாள் அக்கா. கோபமில்லாத குரல்தான்.

எழுந்து வந்து, டீ பட்டு நனைந்திருந்த காகிதத்தை எடுத்துத் தன் முந்தானையில் ஒற்றினாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து அதை உள்ளே போட்டு, மூடியை அழுத்தி மூடினாள்.