அறுபது கிலோ சாம்பியன்

எங்கள் பங்குக் கோவிலின் பொன்விழா மலருக்காக, சாம்பியன் மனுவேலின் கடினமான ஐந்து சண்டைகளை வரிசைப்படுத்தி எழுதும் பாக்கியம் 1986இல் என் தலையில் விழுந்தது. சாம்பியன் என்றதும் மிரள வேண்டாம். சேர்வராயன் மலை எஸ்டேட்டுகளுக்கும் சேலத்து மில்களுக்கும் இடையே ஒரு காலத்தில் நடந்த குத்துச்சண்டையில், அறுபது கிலோ பிரிவில் ஆறு வருடம் தோற்காதவர். எங்கள் ஊர் மஞ்சக்குட்டையைத் தாண்டினால் அவரை யாருக்கும் தெரியாது. அது மட்டும் அவருக்குத் தெரியாது.

வரிசையை அவரே போட்டு வைத்திருந்தார். ஐந்தாம் இடத்துக்காரனை இரண்டாவது ரவுண்டில் சாய்த்தாராம். முதல் இடம் பிடித்த 1974 இறுதிச் சண்டையில் எதிராளி மொத்தமாக நாற்பது விநாடி நின்றிருக்கிறான். இதில் கடினம் யாருக்கு என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவருடைய கை இன்னும் பெரிதாகத்தான் இருந்தது.

பெயர் அச்சில் வருவது அவருக்கு இதுவே முதல் முறை. அதற்காகப் புதுச்சட்டை போட்டிருந்தார். சாட்சி சொல்ல, எஸ்டேட்டில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற ரைட்டர் ஸ்தனிஸ்லாஸை வேறு அழைத்திருந்தார். சேலத்துக்காரர்கள் ஆஸ்பத்திரியில் எடை பார்த்துச் சீட்டோடு மலையேறி வருவார்களாம். மனுவேலைக் காப்பிப் பழம் நிறுக்கும் தராசில் ஏற்றி, எடைச்சீட்டு எழுதித் தந்தவர் ரைட்டர்தான்.

உடம்பை அறுபது கிலோவிலேயே எப்படி வைத்திருந்தார் என்று ரைட்டரிடம் கேட்டேன். மலருக்கு ஒரு நல்ல வரி தேறும் என்ற ஆசை. அவர் பெருமையாகவே சொன்னார்.

"அறுபத்தி மூணு இருப்பாருங்க. சாக்குக்கு மூணு கழிச்சு அறுபதுன்னு எழுதுவேன். அந்தத் தராசுல எதை வெச்சாலும் கழிக்கறதுதானுங்க வழக்கம்."

மனுவேல் சாக்கா கட்டியிருந்தார் என்று கேட்டேன். டவுசர் போட்டிருந்தார் என்றார்.

ஆறு வருடம் தன்னைவிடச் சிறியவர்களை அடித்துத் துவைத்த வீரரின் முகம் செத்துவிட்டது. அதை எழுத வேண்டாம், பேரப்பிள்ளைகள் படிப்பார்கள் என்று கெஞ்சினார். எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது. மூன்று கிலோவில் யாருக்கு என்ன நஷ்டம் என்று தேற்றினேன்.

காப்பி கொண்டுவந்த அவருடைய மனைவி லூர்துசெல்வி, அதே எஸ்டேட்டில் இருபது வருடம் கிலோக் கணக்கில் கூலி வாங்கிப் பழம் பறித்தவர், டம்ளரை வைத்துவிட்டுக் கணவரிடம் பேசினார்.

"ஏனுங்க, வெறுஞ்சாக்கு ஒரு கிலோ கூட வராது. எம்பட ஒவ்வொரு சாக்குக்கும் இந்த ரைட்டரு மூணு கழிச்சாரு. அதே மூணைக் கழிச்சு உங்களுக்குக் கோப்பை குடுத்திருக்காங்க."

ரைட்டர் காப்பியைத் தொடவில்லை. மனுவேல் என் கையிலிருந்த தாளை வாங்கி ஐந்து சண்டைகளையும் ஒவ்வொன்றாக அடித்தார்.

"ஒரே ஒரு சண்டை போட்டிருக்கோணுமுங்க. அதைப் போடலை," என்றார்.

மலரில் அந்தப் பக்கம் காலியாகிவிட்டது. எஸ்டேட் முதலாளியின் வாழ்த்துச் செய்தியைப் போட்டு நிரப்பினேன்.