உடையாத இருபத்திரண்டு

"வளலு கலவன்ன," என்றாள் தாதி சிங்களத்தில். வளையல்களைக் கழற்ற வேண்டும், கழலாவிட்டால் உடைத்துவிடுவார்கள். ஆப்பரேஷன் தியேட்டருக்குக் கண்ணாடி ஆகாது. என் மருமகள் தனுஜா இரண்டு கைகளையும் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டாள். கைக்குப் பதினொன்று, பச்சையும் சிவப்பும். நான்கு நாளைக்கு முன் ஏழாம் மாத வளைகாப்பில் போட்டவை. பிரசவ வலி எடுக்கும்வரை அவற்றைக் கழற்றும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

பலாங்கொடை பசாரில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை நடத்துகிறவர்கள் நாங்கள். எங்கள் வீட்டில் குறையோடு ஒரு பிள்ளை பிறந்ததில்லை என்று, பெண் கேட்டுப் போன இடத்தில் நானே சொல்லியிருக்கிறேன். அதனால் பிள்ளையின் நெஞ்சுக்குள் நீர் கோத்திருக்கிறது, நுரையீரல் வளர இடமில்லை, வயிற்றில் இருக்கும்போதே ஊசியால் நீரை எடுக்காவிட்டால் தங்காது என்று டாக்டர் சொன்னபோது, முதலில் ஸ்கேன் மெஷினைத்தான் சந்தேகப்பட்டேன். இரண்டாவது ஸ்கேனும் அதையே காட்டியது. மருமகளைக் குருவிட்டயில் தாய்வீட்டில் விடப் போகிறோம் என்று பசாரில் சொல்லிவிட்டுக் கொழும்புக்கு வேன் பிடித்தேன். வழியில் சோதனைச் சாவடியில் சிப்பாய் எங்கே போகிறோம் என்று கேட்டான். ஆஸ்பத்திரிக்கு என்றேன். அவனிடம் சொல்ல முடிந்தது.

மகன் ஜனார்த்தனன் மருந்து வாங்க வெளியே போயிருந்தான். தாதி குறடும் துணியுமாகத் திரும்பி வந்தாள்.

"ஒடைக்க வேணாங்க மாமா," என்றாள் தனுஜா. "ஒடைஞ்சா புள்ளைக்கு..."

நான்கு வருடத்தில் அவள் கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பையைக்கூட நான் நேரே வாங்கியதில்லை. மேசையில் வைப்பாள், எடுத்துக்கொள்வேன். அதுதான் மரியாதை. குழாயடியில் கை கழுவ வைத்திருந்த சவுக்காரத்தை நனைத்துக்கொண்டு வந்து அவள் முன் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"கைய நீட்டும்மா."

"நீங்களா மாமா?"

"பட்டு அளந்த கை. ஒண்ணும் ஒடையாது."

வீங்கிய கை. முதல் வளையல் பெருவிரல் மூட்டில் நின்றுகொண்டு அசையவில்லை. தாதி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு குறடை ஜன்னலில் வைத்துவிட்டுத் தட்டை ஏந்திப் பிடித்தாள். இருபத்திரண்டும் வந்தன. "இந்த மஹத்தயாவை இங்கேயே வேலைக்கு எடுக்கலாம்," என்று சிங்களத்தில் சிரித்தாள்.

தனுஜாவை உள்ளே கொண்டுபோனதும், வளையல்களைக் கைக்குட்டையில் முடிந்து, ஈரச் சவுக்காரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூடிய கதவின் முன் நின்றேன். போன் அடித்தது. பக்கத்துக் கடைக் கபூர்.

"என்ன முதலாளி, சம்பந்தி வீட்டு விருந்துல எங்கள மறந்தாச்சா? ஆடா, கோழியா?"

"குருவிட்ட இல்ல கபூர். கொழும்பு ஆஸ்பத்திரி. பேரப்புள்ளைக்கு ஆப்பரேஷன்."

"இன்னும் பொறக்கல்லயே?"

"பொறக்கல. வயித்துக்குள்ளயே பண்றாங்க."

"அல்லாவே! நான் துஆ செய்றேன். பசாருல கேட்டா என்ன சொல்ல?"

"இதத்தான் சொல்லு."

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். நீரை எடுத்தாயிற்று, நுரையீரல் கொஞ்சம் விரிந்திருக்கிறது, மறுபடி கோக்கலாம், அடுத்த வாரம் பார்க்க வேண்டும் என்றார். உள்ளே போனபோது தனுஜா அரைத் தூக்கத்தில் இருந்தாள். கைக்குட்டைக்குள் கண்ணாடி சத்தம் கேட்டதும் போர்வையிலிருந்து ஒரு கை வெளியே வந்தது.

"சவுக்காரம் இருக்குங்களா மாமா?"

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். துணி நனைந்து நெஞ்சில் ஒட்டியிருந்தது.