காத்தாடியின் கடைசிச் சரணம்

சுவரில் பூசிய பட்டி காய்வதற்கு வெயில் காலத்தில் ஆறு மணி நேரம் ஆகும், மழைக்காலத்தில் ஒரு முழு நாள். காத்தாடி பக்கத்தில் நின்று பாடினால் ஒரு பல்லவி. பெரிய கூடமாக இருந்தால் முதல் சரணத்தில் பாதி வரைக்கும் போகவேண்டியிருக்கும். அதற்கு மேல் எந்தச் சுவரும் தாக்குப்பிடித்ததில்லை. அவள் சித்தாள், பதினாறு வருஷமாகக் கலவைச் சட்டி சுமந்தவள். இது வெளியே தெரிந்தது ஒரு மூன்றாவது மாடியில். பெயிண்ட்டர் ஒரு பக்கச் சுவரை அடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்குவதற்குள் பெயிண்ட்டும் காய்ந்தது, கையிலிருந்த பிரஷ்ஷும் குச்சியாக விறைத்தது. கீழே குந்தியிருந்து உப்புத்தாள் தேய்த்தபடி பாடிக்கொண்டிருந்தவளை அவர் முறைத்தார். "நான் ஒண்ணும் பண்ணலண்ணே, பாட்டுதான் பாடினேன்" என்றாள். "அதைத்தான் சொல்றேன், அந்தச் சுவரையும் பார்த்துப் பாடு" என்றார் அவர். மின்விசிறி மாதிரிக் காயவைப்பதால் அன்றிலிருந்து அவளுக்குக் காத்தாடி என்று பெயராயிற்று. எஞ்சினியர் ஈரம் அளக்கும் கருவியோடு வந்தார், கருவி பூஜ்யம் காட்டியது, வேறு பேட்டரி போட்டார், மறுபடியும் பூஜ்யம். நாலாவது மாடிக்கு எப்போது பாடுவாள் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

போகப் போக அளவுகள் பிடிபட்டன. அவளைச் சுற்றி இருபது அடிக்குள் இருக்கிற ஈரம் எல்லாம் காயும்: துணி, தலைமுடி, வியர்வை, பேனா முனையில் நிற்கிற மை. மூடி போட்ட தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது. முதலில் காய்வது அவளுடைய தொண்டைதான் என்பதால் மூடி இறுக்கிய பாட்டில் ஒன்றை இடுப்பிலேயே கட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்குக் கேடும் இருந்தது. கான்கிரீட் தளத்தை நாள் கணக்கில் ஈரத்திலேயே வைத்து இறுகவிடவேண்டும், அவசரமாகக் காய்ந்தால் வெடித்துவிடும். ஒருமுறை ஞாபகமில்லாமல் மூக்கால் முனகியதில் படிக்கட்டில் நாலு படி விரிசல் விட்டது. அதற்குப் பிறகு தளம் போடுகிற வாரங்களில் மேஸ்திரி அவளை எதிர்ப்புறத் தெருவில் மணல் சலிக்கப் போட்டார். மேஸ்திரி கெட்டவரில்லை. ஆனால் அவருக்குப் பாட்டு என்பது சாந்துக்கரண்டி மாதிரி ஒரு சாமான். வேலை முடிந்தால் கழுவி வைத்துவிடவேண்டும்.

காத்தாடிக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. யாரும் அவளைப் பாட்டை முடிக்கவிட்டதில்லை. சுவர் காய்ந்ததும் "போதும்மா, காய்ஞ்சிருச்சு" என்று சொல்லி அடுத்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். வீட்டில் கொடித் துணி காய்ந்ததும் மாமியார் "போதும், மடிச்சு வை" என்பாள். மகளுக்குத் தாலாட்டு பாடினால் அது பாதியில் தூங்கிவிடும். கம்பி கட்டுகிற புருஷன் அதற்கும் முன்னால் தூங்கிவிடுவான். முப்பது பாட்டுகள் முழுசாகத் தெரிந்தும் கடைசிச் சரணம் ஒன்றுகூட அடுத்தவர் காதில் விழுந்ததில்லை. தனியாக உட்கார்ந்து முடித்துக்கொள்ளலாமே என்று நாத்தனார் கேட்டாள். அவள் தையல் கடைக்காரி, வாயும் கத்தரியும் ஒரே வேகம். காத்தாடி சொன்னாள்: "ஆளில்லாத வீட்டுல சாப்பாடு பரிமாறின மாதிரி இருக்கும்டீ."

நாத்தனார்தான் டிவியில் விளம்பரத்தைப் பார்த்தாள். பாடகர் போட்டி, யார் வேண்டுமானாலும் வரலாம், குரல் இருந்தால் போதும். படிவத்தைத் தையல் மெஷின் மேலேயே வைத்து நிரப்பினாள்.

"முழுப் பாட்டையும் கேப்பாங்களா?" என்றாள் காத்தாடி.

"அண்ணி, அதுக்குன்னே மூணு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்காங்க. வேற என்ன வேலை அவங்களுக்கு?"

மேஸ்திரியிடம் ஒரு நாள் லீவு கேட்டாள். அந்த வாரம் மொட்டைமாடித் தளம் போடுகிற வாரம். மேஸ்திரி முகம் மலர்ந்து, "ஒரு நாள் எதுக்கு, நாலு நாள் எடுத்துக்க. போட்டியில ஜெயிச்சிட்டு மெதுவா வா" என்றார்.

தேர்வு ஒரு பெரிய விளையாட்டு அரங்கத்தில் நடந்தது. மூவாயிரம் பேர் வந்திருந்தார்கள். வரிசை மைதானத்துக்குள் பாம்பு மாதிரி மடிந்து மடிந்து கிடந்தது. காத்தாடிக்குக் கிடைத்த எண் இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினான்கு. அடுத்த எண் ஒரு பஸ் கண்டக்டருக்கு. அவர் பாட்டை மறந்துவிடக்கூடாது என்று டிக்கெட் ரோலின் பின்புறம் முழுக்க எழுதிக் கொண்டுவந்திருந்தார். எட்டு மணிக்கு ஒரு மழை கொட்டியது, அரை மணி நேரம், ஒளிய இடமில்லை. மழை விட்டதும் வாசல்காரர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: உள்ளே தரையெல்லாம் வயர் ஓடுகிறது, சொட்டச் சொட்ட வருகிறவர்களை விடமுடியாது, காய்ந்தவர்கள் மட்டும் வரலாம். மூவாயிரம் பேரும் சட்டையைப் பிழிந்துகொண்டு வானத்தைப் பார்த்தார்கள். சில பெண்களுக்குக் கண் மை கழுத்துவரை வந்திருந்தது.

நாத்தனார் ஒரு சிமெண்ட் திண்டில் ஏறி நின்றாள். "எல்லாரும் நெருங்கி நில்லுங்க. இவங்க எங்க அண்ணி. பாடினா காய்ஞ்சிரும். தள்ளாதீங்க, எல்லாருக்கும் உண்டு." ஜனம் சிரித்தது. காத்தாடி பல்லவியை எடுத்தாள். முதல் இருநூறு பேர் காய்ந்ததும் சிரிப்பு நின்றது. "போதும்க்கா, அடுத்த பக்கம் வாங்க" என்று அடுத்த மடிப்பில் கூப்பிட்டார்கள். அங்கே போய் மறுபடியும் பல்லவி. அப்படிப் பதினான்கு இடத்தில் நின்று பாடினாள். காய்வது இருபது அடிதான், கேட்பது மைதானம் முழுக்க. ஆகவே மூவாயிரம் பேரும் ஒரே பல்லவியைப் பதினான்கு தடவை கேட்டார்கள். பத்து மணிக்கு வாசல்காரர் வரிசையில் நாலைந்து பேரின் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் கதவைத் திறந்தார்.

பெரும்பாலோரை முதல் வரியிலேயே மணியடித்து அனுப்பியதால் மாலை நாலு மணிக்கே அவள் எண் வந்தது. மேடைக்குப் பின்னால் அட்டையும் பேனாவுமாக ஒரு பெண் வந்து, உங்கள் கஷ்டம் என்ன என்று கேட்டாள். காத்தாடி யோசித்து, "செங்கல்" என்றாள். "அது இல்லம்மா, மனசுல இருக்கிற கஷ்டம்." "பாட்டை முடிக்கவிட மாட்டேங்கிறாங்க." அந்தப் பெண் 'குடும்பத்தில் எதிர்ப்பு' என்று எழுதிக்கொண்டாள். உள்ளே மூன்று நடுவர்கள் இருந்தார்கள். ஒருவருக்குத் தாடி, ஒருவருக்குத் தொப்பி, நடுவில் அழுகைக்குப் பேர்போன ஒரு அம்மாள். அந்த அம்மாள் அழுதால் அடுத்த சுற்று. இது சட்டமாக எழுதப்படவில்லை, ஆனால் நிகழ்ச்சி ஓடுவதே அதில்தான். டிவி பார்க்கிறவர்கள் தாள் கைக்குட்டை சகிதம் உட்காருவார்கள்.

காத்தாடி பாடினாள். குரல் லேசாகக் கரகரத்தாலும் சுதி விலகவில்லை. முதல் வரியில் அந்த அம்மாளுக்குக் கண் நிறைந்தது, கேமரா கிட்டே போனது. இரண்டாவது வரியில் கண் காய்ந்துவிட்டது. அம்மாள் இமையைக் கொட்டிப் பார்த்தார். ஒருத்தர் ஓடிவந்து கிளிசரின் விட்டார், அதுவும் காய்ந்தது. தாடிக்காரர் முகத்தில் பூசியிருந்த பவுடர் பூச்சு வெயிலில் கிடந்த குளத்து மண் மாதிரி பிளந்து மேஜையில் உதிர்ந்தது. முதல் சரணம் முடிந்து இரண்டாவதும் முடிந்தது. இன்னும் ஒன்றுதான் என்று காத்தாடி மூச்சு இழுத்த நேரத்தில் மணி அடித்தது. அதிகபட்சம் ஒருவருக்கு ஒன்றரை நிமிஷம்தானாம்.

"போதும்மா" என்றார் தொப்பி.

"இன்னும் ஒரு சரணம் இருக்குங்க, சின்னதுதான்."

"நேரம் இல்லம்மா, பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

நடு அம்மாள் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "நல்ல குரல்தான். ஆனா எனக்கு அழுகையே வரலையே. என்னன்னே தெரியல" என்றார். அவ்வளவுதான் தேர்வு.

வெளியே மைதானத்தில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. தரை காய்ந்து புழுதி பறந்தது. எண்ணூறு பேருக்கு எண் இன்னும் வரவில்லை. கண்டக்டர் கதவுக்கு வெளியே நின்றிருந்தார், அடுத்து அவர்தான். "என்னாச்சுக்கா?" என்றார்.

"பாதியில நிறுத்திட்டாங்க. கடைசிச் சரணம் பாக்கி" என்றாள் காத்தாடி.

"அப்ப இங்க பாடுங்க."

"இங்க எதுக்குண்ணே? எல்லாம்தான் காய்ஞ்சு கிடக்கே."

"காயவைக்க யாரு கூப்பிட்டா?" கண்டக்டருக்குக் கோபமே வந்துவிட்டது. "காலையில பதினாலு தரம் பல்லவியைப் போட்டு எங்க மண்டைக்குள்ள ஏத்திவிட்டுட்டீங்க. அது அங்கேயே பஞ்சர் ஆன வண்டி மாதிரி நிக்குது. என் பாட்டு ஞாபகத்துக்கே வரமாட்டேங்குது. எப்படி முடியுதுன்னு தெரியாம நான் உள்ள போகமாட்டேன்."

"ஆமாக்கா, எனக்கும்தான்" என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன. ஒரு கிழவர், "எனக்கு மதியத்துலேருந்து அதான்மா ஓடுது" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

காத்தாடி பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள், மூடினாள், ஆரம்பத்திலிருந்து பாடினாள். பல்லவி முடிந்தது, யாரும் போதும் என்று சொல்லவில்லை. முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. அந்த இடத்தில் பழக்கத்தில் அவளே ஒரு கணம் நின்று முகங்களைப் பார்த்தாள். யாரும் அசையவில்லை. கடைசிச் சரணத்தை எடுத்தாள். அதில் குரலை மேலே கொண்டுபோய் ஒரு வரியை இரண்டு தரம் பாடவேண்டும். பாடினாள். காய்வதற்கு அங்கே எதுவும் இல்லை, எதுவும் காயவில்லை. எண்ணூறு பேரும் வெயிலில் நின்று கடைசி எழுத்து வரைக்கும் கேட்டார்கள். உள்ளேயிருந்து இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினைந்து, இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினைந்து என்று மூன்று முறை கூப்பிட்டார்கள், போக ஆளில்லை. கூப்பிட வந்த அட்டைக்காரப் பெண்ணும் கதவைப் பிடித்தபடியே நின்றாள். பாட்டு முடிந்ததும் கண்டக்டர் பெருமூச்சு விட்டு, "அப்பாடா, இப்படித்தான் முடியுதா" என்று சொல்லிவிட்டுத் தன் டிக்கெட் ரோலைப் பிரித்துக்கொண்டே உள்ளே ஓடினார்.

நிகழ்ச்சியில் அவளை நாலு விநாடி காட்டினார்கள், அதுவும் பவுடர் உதிர்ந்ததற்காக. மாமியார் தெருவில் எல்லோரையும் கூப்பிட்டு அந்த நாலு விநாடியையும் பார்க்கவைத்தாள். காத்தாடிக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. தளம் இறுகிய பிறகு வேலைக்குத் திரும்பினாள். இரண்டாவது மாடி அறையில் பட்டி காய்ந்ததும் மேஸ்திரி வழக்கம்போல், "போதும்மா" என்று சட்டியை எடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தி, பாட்டை விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, "முடியற வரைக்கும் நில்லுங்க மேஸ்திரி" என்றாள்.

"காய்ஞ்சதுக்கு அப்புறம் நிக்கிறதுக்கு என்ன வேலை இருக்கு?"

"கேக்கிற வேலை."

மேஸ்திரி சட்டியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். ஏணியில் இருந்த பெயிண்ட்டர் ஏணியிலேயே உட்கார்ந்தார். இப்போது அந்தப் பக்கத்துப் பெயிண்ட்டர்கள் வேலைக்கு நேரம் சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்கிறார்கள்: ஓர் அறைக்கு இரண்டு கோட்டிங், இரண்டு முழுப் பாட்டு. வீட்டுக்காரர்கள் எந்தப் பாட்டு என்று மட்டும் கேட்கிறார்கள்.